இழை: ‘பொசிஷனல் வேல்யூ’வுக்குத் தமிழில் என்ன?

மடல் 1: ம.

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், ரன்னிங் பேக் ஒருவரை முதல் சுற்றிலேயே எடுக்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

ரன்னிங் பேக்: கணினி ‘திரும்பி ஓடுதல்’ என்கிறது. டிராஃப்ட்: ‘வரைவு’ என்கிறது. இரண்டையும் சிரித்துவிட்டு அழித்துவிட்டேன். பொசிஷனல் வேல்யூ: நானே ‘நிலைசார் மதிப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்தால் பங்குச்சந்தை அறிக்கை மாதிரி இருக்கிறது. கட்டுரையில் இந்தச் சொல் முப்பது இடத்திலாவது வரும். கை கொடுங்கள்.

மடல் 2: த.

ம. அம்மாவுக்கு,

‘வரைவு’ என்பதை அவசரப்பட்டு அழித்துவிட்டீர்கள். சட்ட வரைவு, திட்ட வரைவு என்று அரசாணை நடையில் புழங்கிப் புழங்கி அந்த ஒரு பொருளையே நாம் பிடித்துக்கொண்டோம். அகத்திணையில் வரைவு என்றால் மணம். வரைவு கடாதல் என்று ஒரு துறையே உண்டு; களவிலேயே காலம் கடத்துகிற தலைவனை ‘ஊரறிய வந்து மணந்துகொள்’ என்று தோழி நெருக்குவது. வரைதல் என்றால் எல்லை கட்டித் தனக்கென்று ஆக்கிக்கொள்ளுதல். ஓர் அணி ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற அணிகள் அவனிடம் பேசக் கூடாது என்பது விதியானால், இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கணினி குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டது.

மூன்றாவதற்கு ‘நிலைமதிப்பு’ போதாதா? நடுவில் ‘சார்’ எதற்கு? ஆனால் அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்று ஆட்டம் தெரிந்தவர் ஒருவர் சொல்லட்டும். அளவெடுக்காமல் சட்டை தைக்க நான் வரவில்லை.

மடல் 3: கு., நியூ ஜெர்சி

த. ஐயா, ம. அக்கா,

ஆட்டம் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. பதினைந்து வருடமாக நியூயார்க் ஜயன்ட்ஸ் விசிறி. அதாவது இந்த வழக்கில் நான் பாதிக்கப்பட்ட தரப்பு.

முதலில் ‘பேக்’. பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை குனிந்து நிற்கும். அதற்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் பேக். எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை வைத்துக் கால், அரை, முழு என்று பழைய பெயர்கள். அந்தப் பின்னத்தை அப்படியே தமிழாக்கி, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் ‘காற்பின்னர்’ என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்; யாருடைய காலுக்குப் பின்னால் என்று மகள் கேட்டாள், விட்டுவிட்டேன். ரன்னிங் பேக் அந்தப் பின்வரிசையில் நின்று, குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முன்னால் நெரிகிற ஆட்களுக்கு நடுவே சந்து கண்டு ஓடுபவர். ஏந்தி ஓடுவதால் ‘ஏந்தோடி’ என்று ஒரு சொல் தோன்றியது. வற்புறுத்தவில்லை.

இனி மதிப்பு. 2018 வரைவில் (ஐயா சொன்னதை இப்போதே எடுத்துக்கொண்டேன்) ஆள் எடுக்கும் வரிசையில் ஜயன்ட்ஸுக்கு இரண்டாவது முறை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சேக்வான் பார்க்லியை எடுத்தார்கள். நான் சோபாவை விட்டுக் குதித்து எழுந்தேன். அந்த ஆண்டே சிறந்த புதுமுகத் தாக்காட்டக்காரர் விருது வாங்கினார். அணி? 16 ஆட்டத்தில் 5 வெற்றி. அடுத்த ஆண்டு 4. 2020ல் இரண்டாவது ஆட்டத்திலேயே பார்க்லிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அவர் இருந்த ஆறு பருவத்தில் ஒரே ஒரு முறைதான் பிளேஆஃபுக்கு, அதாவது பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றுக்கு, போனோம்.

அதே 2018ல் இவருக்குப் பின்னால் யார் யார் போனார்கள் என்று பாருங்கள். ஏழாவதாக ஜாஷ் ஆலன், முப்பத்திரண்டாவதாக லமார் ஜாக்சன். இருவரும் குவார்ட்டர்பேக், இருவரும் பிறகு எம்விபி, அதாவது பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ரன்னிங் பேக்தான் வேண்டும் என்றால் நிக் சப் 35ஆவது ஆளாக, இரண்டாம் சுற்றில் கிடைத்தார். இந்தக் கடைசி வரியில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. ரன்னிங் பேக் பிந்திய சுற்றிலும் கிடைப்பார். 2017ல் என்எஃப்எல்லில் அதிக தூரம் ஓடிய கரீம் ஹன்ட் மூன்றாம் சுற்று. 2012ல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் ட்ரென்ட் ரிச்சர்ட்ஸனை மூன்றாவது ஆளாக எடுத்து, மறு ஆண்டு செப்டம்பரிலேயே கோல்ட்ஸிடம் தள்ளிவிட்டது. அதே வரைவில் ஆறாம் சுற்றில் வாஷிங்டனுக்குக் கிடைத்த ஆல்ஃபிரட் மாரிஸ் முதல் பருவத்திலேயே 1,613 யார்டு ஓடினார்.

பணக் கணக்கு இன்னும் மோசம். அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகச் சம்பளம் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தது. எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்ததல்ல. இரண்டாவது ஆளான பார்க்லிக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 3.12 கோடி டாலர். அந்த மே மாதம் அட்லான்டாவின் குவார்ட்டர்பேக் மேட் ரயன் கையெழுத்திட்டது ஐந்து ஆண்டுக்கு 15 கோடி, அதாவது ஆண்டுக்கு 3 கோடி. ஆக அந்த முறையில் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் அமைந்தால், மற்றவர்கள் ஓராண்டுக்குக் கொடுப்பதில் நான்காண்டை ஓட்டிவிடலாம். ரன்னிங் பேக்கை எடுத்தால்? அதற்கு முந்தைய ஆண்டு அட்லான்டா தன் ரன்னிங் பேக் டெவான்டா ஃப்ரீமனுக்குக் கொடுத்தது ஐந்து ஆண்டுக்கு 4.125 கோடி. பார்க்லியின் ஆண்டுச் சராசரி அதற்குக் கொஞ்சம்தான் கீழே. புதுமுகத்தை எடுத்ததில் மிச்சம் என்று ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும் பார்க்லி மட்டமான ஆட்டக்காரரா என்றால் இல்லை. அங்கேதான் ‘நிலைமதிப்பு’ எனக்கு இடிக்கிறது. நிலை என்றால் அந்தஸ்து என்றும் படும், தற்போதைய நிலவரம் என்றும் படும். எனக்கு வேண்டியது நாம் எல்லாரும் சின்ன வகுப்புக் கணக்கில் படித்ததுதான்: இடமதிப்பு. 29 என்ற எண்ணில் 9 பெரிய இலக்கம், அதன் முகமதிப்பு கூட. ஆனால் 2 நிற்பது பத்தாம் இடம். அதன் இடமதிப்பு 20. பார்க்லி 9. ஒன்றாம் இடத்தில் நின்ற 9. திறமை முகமதிப்பு, ஆடும் இடம் தருவது இடமதிப்பு. இரண்டு சொல்லும் தயாராக, எல்லார் மண்டையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதற்குச் செய்ய வேண்டும்?

மடல் 4: செ., பிலடெல்பியா

கு. அண்ணே, வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே.

2024 மார்ச்சில் உங்கள் ஆள் எங்கள் ஈகிள்ஸுக்கு வந்தார், மூன்றாண்டுக்கு 3.775 கோடி. அந்தப் பருவத்தில் ஓடியது 2,005 யார்டு. 1984இல் எரிக் டிக்கர்ஸன் ஓடிய 2,105 தான் இன்றும் சாதனை; அதை முறியடிக்க 101 யார்டு பாக்கி இருக்கும்போது கடைசி ஆட்டத்தில் ஓய்வு கொடுத்து உட்கார வைத்தார்கள். ஜாக்சன்வில்லுடன் நடந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களா? பந்தைப் பிடித்தார், ஒருவனை ஏமாற்றினார், உடம்பைச் சுழற்றினார். முதுகு எதிராளிப் பக்கம் திரும்பியிருந்தது. அந்த நேரம் இன்னொருவன் காலைக் குறிவைத்துப் பாய, பார்க்காமலேயே பின்பக்கமாக எகிறி அவன் தலைக்கு மேலே தாண்டி இறங்கினார். ம. அக்கா, அன்றைக்கு மட்டும் கணினி சொன்ன ‘திரும்பி ஓடுதல்’ சரிதான்.

இப்போது கேள்வி. கணக்கில் பத்தாம் இடம் என்றைக்கும் பத்தாம் இடம். இங்கே அதே ஆள், அதே இடம், அணி மாறியதும் மதிப்பு எகிறிவிட்டது. மைலாட்டாவும் லேன் ஜான்சனும் முன்வரிசையில் மலை மாதிரி நின்றால் மதிப்பு கூடுகிறது. அப்படியானால் உங்கள் இடமதிப்பு எப்படிப் பொருந்தும்?

மடல் 5: கு.

தம்பி, நீ சொன்ன ஆட்டத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஒன்றைக் கவனி. நீங்கள் பார்க்லியை வரையவில்லை, விலைக்கு வாங்கினீர்கள். இரண்டாவது முறையை அவருக்காகச் செலவழித்தது நாங்கள். அந்த முன்வரிசையைப் பல வருடம் சேர்த்துக் கட்டிவிட்டுக் கடைசியில் அவரைக் கொண்டுவந்தது நீங்கள். வீடு கட்டி முடித்தபின் வாங்கிய ஊஞ்சல் அது. நாங்கள் மனை வாங்கிய கையோடு ஊஞ்சலை வாங்கி வெயிலில் மாட்டினோம். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலிலேயே பார், கான்சஸ் சிட்டி அவரைக் கட்டிப்போட்டது, 25 முறை ஓடி 57 யார்டுதான். ஆனாலும் 40–22 என்று நீங்கள் ஜெயித்தீர்கள்.

நீ சொன்னதில் மாறியது இடமதிப்பு அல்ல. எண்ணின் மற்ற இலக்கங்கள் மாறின. 9 ஒன்றாம் இடத்திலேயே நின்றது. முன்னால் இருந்த 2, 7 ஆகிவிட்டது. ஆனால் காலப்போக்கில் இடமதிப்பே மாறியிருக்கிறதா என்று கேட்டால், ஆமாம், மாறியிருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. உவமை அங்கே உடைகிறது.

மடல் 6: த.

என் வீட்டம்மா கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தோளுக்குப் பின்னால் நின்று இந்த இழையைப் படித்துவிட்டு, “ஏன், அடிமானத்தை மாற்றினால் இடமதிப்பு மாறாதா?” என்றார். பத்தடிமானத்தில் இரண்டாவது இடம் பத்து. இரண்டடிமானத்தில் அதே இரண்டாவது இடம் இரண்டுதான். நான் தமிழ் வாத்தியார், வாயை மூடிக்கொண்டேன். உங்கள் ஆட்டத்தில் அடிமானம் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டா?

மடல் 7: கு.

அம்மாவுக்கு ஒரு கும்பிடு. உண்டு: ஆட்ட விதிகள்.

1978ல் விதியை மாற்றினார்கள். பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து யார்டுக்கு மேல் போனபின் எதிரணி இடித்துத் தடுக்கக் கூடாது. முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம். எறிந்து ஆடுவது லேசானது, ஓடி ஆடுவதன் பங்கு மெல்லக் குறைந்தது. பழக்கம் உடனே மாறிவிடவில்லை. அந்த 1978லேயே முதல் ஆள் ஏர்ல் கேம்பெல் என்ற ரன்னிங் பேக். 1989ல் பேரி சாண்டர்ஸ் மூன்றாவது ஆள், அவரை எடுத்ததற்கு டெட்ராய்ட்டை யாரும் குறை சொன்னதில்லை. கடைசியாக ஒரு ரன்னிங் பேக் முதல் ஆளாகப் போனது 1995ல், சின்சினாட்டிக்குப் போன கிஜானா கார்ட்டர். பருவம் தொடங்கும் முன்னரே முழங்கால் போய், முதல் ஆண்டு முழுக்க ஆடவில்லை. அதே வரைவில் டென்வர் 196ஆவது ஆளாக எடுத்த டெரல் டேவிஸ் 1998ல் 2,008 யார்டு ஓடி, இரண்டு சூப்பர் பவுல் வென்று, புகழ் மண்டபம் வரை போனார்.

பிறகு 2011 சம்பள விதி. 2013, 2014 இரண்டு வரைவிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கூட இல்லை. 2022லும் 2024லும் இல்லை. 2023ல் பிஜான் ராபின்ஸன் எட்டாவதாகவும் ஜாமிர் கிப்ஸ் பன்னிரண்டாவதாகவும் போனார்கள். டெட்ராய்ட்டில் கிப்ஸ் ஆடுவதைப் பார்த்தால் எனக்கே ஆட்டம் காண்கிறது. இவர்கள் பந்தைப் பிடிக்கவும் செய்கிறார்கள், அதனால் ஒன்றாம் இடத்தைவிட்டுக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் முதல் பத்துக்குள் ரன்னிங் பேக் என்றால் என் கை நடுங்கும். டாட் கர்லியை மறக்க முடியுமா? 2015ல் பத்தாவது ஆள், 2017ல் ஆண்டின் சிறந்த தாக்காட்டக்காரர், முழங்கால் தேய்ந்து 2020ல் ராம்ஸ் அவரை விடுவித்தபோது வயது 25.

மடல் 8: ம.

எல்லாருக்கும் நன்றி. பொசிஷனல் வேல்யூவுக்கு ‘இடமதிப்பு’, ஆளின் தனித்திறமை பேசப்படும் இடத்தில் ‘முகமதிப்பு’ என்று முடிவு செய்துவிட்டேன். டிராஃப்ட் ‘வரைவு’. ‘பிக்’ என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கும் சொல்கிறார்கள், அந்த முறைக்கும் சொல்கிறார்கள்; முறையைத்தான் அணிகள் ஒன்றுக்கொன்று விற்று மாற்றுகின்றன. அதனால் அதை ‘வரைவுரிமை’ என்று தனியே பிரித்துவிட்டேன்: “ரிச்சர்ட்ஸனைக் கொடுத்து, கோல்ட்ஸின் முதல் சுற்று வரைவுரிமையை பிரவுன்ஸ் வாங்கிக்கொண்டது.” சரியாக உட்காருகிறது. ரன்னிங் பேக்கை ரன்னிங் பேக்காகவே விட்டுவிடுகிறேன். ஏந்தோடி அழகுதான், ஆனால் ஒரே கட்டுரையில் நாலு புதுச்சொல் வாசகருக்குத் தாங்காது.

ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், சொல்லுங்கள்:

“ரன்னிங் பேக்கின் இடமதிப்பு தெரிந்திருந்தும், 2025இல் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணி ஆஷ்டன் ஜென்டியை ஆறாவது ஆளாக வரைந்தது.”

மடல் 9: த.

‘வரைந்தது’ என்று விட்டால் ஓவியம் தீட்டினார்கள் என்று நினைப்பார்கள். ‘வரைந்துகொண்டது’ என்று போடுங்கள் அம்மா.