தாத்தா வீட்டு வாரிசுகள் (வாட்ஸ்அப் குழு, 2020)

அகிலா: எனக்குக் கொரோனா பாசிட்டிவ். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கிறது. 14 நாள் வெளியே வரக் கூடாது. வீட்டில் அரிசி தவிர ஒன்றுமில்லை. யாராவது சாமான் வாங்கி வாசலில் வைக்க முடியுமா?

விமலா அத்தை: ஐயோ

விமலா அத்தை: போன் எடு

அகிலா: பேசினால் இருமல் வருகிறது அத்தை

செந்தில்: நான் போகிறேன். லிஸ்ட் போடு

கீதா சித்தி: எதற்கு லிஸ்ட்? நான் சமைத்தே அனுப்புகிறேன். தயிர், முட்டை எல்லாம் வீட்டில் இருக்கிறது

குட்டி: அம்மா 😂 அக்கா வீகன், பால், தயிர், முட்டை எதுவும் தொடமாட்டாள்

கீதா சித்தி: இன்னுமா?

பெரியப்பா: அனைவரும் முழுதாகப் படிக்கவும். உலகச் சுகாதார நிறுவனம் மார்ச் 11ஆம் தேதியே இதைப் பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது. அன்றே இந்தக் குழுவில் எச்சரித்தேன், ஒருவரும் பதில் போடவில்லை. போகட்டும். மூன்று மாதச் சாமானாக வாங்கிவிடுவது நல்லது. பருப்பு, பயறு காய்ந்திருந்தால் நாள்பட நிற்கும். தீட்டாத அரிசி அப்படியல்ல, தவிட்டில் எண்ணெய் உண்டு, சிக்கு வாடை வந்துவிடும். ஆளி விதையும் பொடியாக வேண்டாம், முழுதாக வாங்கு, அதே காரணம்தான். வெளியில் வைத்து விற்கும் சோயா பால் பெட்டியைப் பிரிக்காதவரை ஃபிரிட்ஜ் தேவையில்லை. பிரித்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

செந்தில்: 14 நாள்தான் பெரியப்பா

குட்டி: பெரியப்பா வாங்கிக் குவித்த சோப்பு இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது

பெரியப்பா: சோப்பு கெட்டுப்போகாது

அகிலா: பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா, ஓட்ஸ், சோயா பால், டோஃபு, வேர்க்கடலை வெண்ணெய், உறைந்த பட்டாணி, ஏதாவது கீரை, எலுமிச்சை, அயோடின் உப்பு, வைட்டமின் பி12 மாத்திரை

விமலா அத்தை: பாதிக்கு மேல் நம் வீட்டில் இருப்பதுதானே

அகிலா: அதைத்தான் இத்தனை நாளாகச் சொல்கிறேன்

விமலா அத்தை: மாத்திரை எதற்கு

அகிலா: பி12 செடிகொடியில் கிடைக்காது அத்தை. மாத்திரையாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதைச் சேர்த்த சோயா பால் மாதிரி ஏதாவது

செந்தில்: 📷 டோஃபு அலமாரி காலி

அகிலா: விடு. கொண்டைக்கடலையைக் கூடுதலாக வாங்கு. காய்ந்தது போதும், வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். டின்னிலும் கொஞ்சம் எடு, ஊறவைக்கக்கூடத் தெம்பில்லாத அன்றைக்கு ஆகும்

குட்டி: டின் தண்ணீரைக் கொட்டாதே அக்கா. அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும்

கீதா சித்தி: ஆன்லைன் வகுப்பில் இதைத்தான் பார்க்கிறாயா

செந்தில்: பிஸ்கட்?

அகிலா: பின்னால் படி. பால் பவுடர், வே, கேசீன் என்று பாலிலிருந்து வருவது எது போட்டிருந்தாலும் வேண்டாம்

செந்தில்: மாஸ்க்கில் கண்ணாடி பனிக்கிறது. பிஸ்கட் கிடையாது

விமலா அத்தை: இருமலுக்குத் தேன் வாங்குடா

குட்டி: தேனும் கூடாது அத்தை

விமலா அத்தை: தேனுமா! தேனீ என்ன பாவம் செய்தது

அகிலா: அதையேதான் நானும் கேட்கிறேன் 🙂

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது:* பூண்டுத் தண்ணீர் ஒரே இரவில் வைரஸை அழிக்கும்!! அனைவருக்கும் அனுப்பவும்!!

குட்டி: பெரியப்பா, பூண்டு காப்பாற்றும் என்பதற்கு ஆதாரமில்லை என்று உங்கள் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது

பெரியப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பெரியப்பா: பூண்டும் வீகன்தான்

அகிலா: காலையிலிருந்து காபி வாசமே தெரியவில்லை

விமலா அத்தை: அப்படியென்றால் உப்பை வழக்கமான அளவிலேயே போடு. ருசி பார்த்துப் போடாதே, அள்ளிக் கொட்டிவிடுவாய்

பெரியப்பா: ராஜ்மா விஷயத்தில் கவனம். பச்சையாக இருக்கும்போது அதில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதன் பிறகுதான் அடுப்பைத் தணிக்கலாம். மெதுவாக வேகும் மின்பானையில் நேராகப் போட்டால் அரைவேக்காட்டில் நஞ்சு கூடத்தான் செய்யும். குக்கர் என்றால் கவலையில்லை.

அகிலா: குக்கர் இல்லையே

விமலா அத்தை: கீதாவிடம் ஒன்று இருக்கிறது. என்னுடையது

கீதா சித்தி: அண்ணி, அது அத்தை என் கையில் கொடுத்தது

விமலா அத்தை: அம்மா இரவலாகத்தான் கொடுத்தாள்

குட்டி: ஆரம்பித்துவிட்டது

பெரியப்பா: இதைத் தனியாகப் பேசிக்கொள்ளவும்

விமலா அத்தை: அண்ணா நீ சும்மா இரு. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு இது வந்திருக்காது

அகிலா: ராஜ்மாவே வேண்டாம், விடுங்கள்

செந்தில்: வாங்கிவிட்டேன். இரண்டு கிலோ

அகிலா: எதற்கு இரண்டு??

செந்தில்: பெரியப்பா தனியாக மெசேஜ் போட்டார்

கீதா சித்தி: சரி, குக்கரைத் தருகிறேன். ஆனால் திரும்ப என் வீட்டுக்குத்தான் வர வேண்டும்

விமலா அத்தை: பார்க்கலாம்

செந்தில்: சாமான் வாசலில். பணம் அப்புறம் பேசலாம். சித்தி, குக்கரை எடுக்க இப்போது வரவா?

கீதா சித்தி: வா. ஆனால் வெயிட் என்னிடம் இல்லை. அது அண்ணி வீட்டில்தான் இருக்கிறது

செந்தில்: அத்தை?

விமலா அத்தை: தேட வேண்டும்