புதுப்பிப்பு: பரிஸ், ஜேர்மனி, சுவிஸ் பயணத்துக்கு டேட்டா

அம்மாவோட பரிஸ், ஜேர்மனி, சுவிஸ் போறம், டேட்டாவுக்கு என்ன செய்யலாம் எண்டு போன மாதம் கேட்டிருந்தன். கிளிநொச்சிக்குத் திரும்பி வந்திட்டம். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி இலங்கை சிம்மில டேட்டா ரோமிங்கை (வெளிநாட்டு நெட்வேர்க்கில டேட்டா பாவிக்கிறதை) நிப்பாட்டிப்போட்டு, பரிஸில எங்கட ஆக்களின்ர கடையள் இருக்கிற லா ஷப்பலில ஒரு பிரெஞ்சு ப்ரீபெய்ட் சிம் எடுத்தன். 2017 ஜூனில இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள, ஒரு அளவுக்கு மிஞ்சாட்டில், ரோமிங்குக்குத் தனிக்காசு இல்லை. அதே சிம் ஜேர்மனியிலயும் நல்லா வேலை செய்தது. இலங்கை சிம்மை மட்டும் கழட்டிப்போடாதேங்கோ, வங்கி அனுப்புற ஓடிபி அதுக்குத்தான் வரும்.

பிழைச்சது சுவிஸில. அது ஒன்றியத்தில இல்லை. பாசல் எல்லை தாண்டினதும் போன் தானா அங்கத்தை நெட்வேர்க்கைப் பிடிச்சு, சிம்மில இருந்த மிச்சக்காசு முழுக்கப் போச்சு. பிறகு பெரியம்மா வீட்டு வைஃபைதான். சுவிஸும் போறனீங்கள் எண்டால், சிம் வாங்கேக்கையே அந்த நாடும் சேருதோ எண்டு கேட்டு எடுங்கோ.

அம்மான்ர பழைய போனில இ-சிம் (அட்டை போடாமல் போனுக்குள்ளயே ஏத்துற சிம்) ஏறாது. என்ர போனில ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் அவ ஊருக்குக் கதைச்சவ. அதுக்கு பற்றரி கெதியா இறங்கும், பவர் பாங்க் கொண்டுபோங்கோ.