குப்பைமேனி வேரைக் கண்டால் பூனைக்கு என்ன ஆகிறது?

வாழைத்தோப்பு கேட்கிறார்:
நேற்று மழை விட்டதும் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு குப்பைமேனியை வேரோடு பிடுங்கி ஓரமாக வீசியதுதான் தாமதம், மதில்மேல் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் கறுப்பி குதித்து ஓடிவந்தாள். இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரமண் ஒட்டியிருந்த வேரை நக்கினாள், கடித்தாள், இரண்டு கன்னத்தையும் மாறிமாறித் தேய்த்தாள், பிறகு மல்லாந்து உருண்டாள். வாயோரம் எச்சில் ஒழுகியது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. பத்து நிமிடம் கழித்து எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு போய்விட்டாள். நான்தான் பயந்துபோனேன். இது விஷமா, போதையா?

அப்பத்தா வீடு:
பயப்படாதீர்கள். எங்கள் அப்பத்தா அந்தச் செடியைப் பூனைவணங்கி என்றுதான் சொல்வார். மருந்துக்கு இலையைக் கிள்ளிக்கொண்டு, வேரை உடனே அடுப்பில் போட்டுவிடுவார். இல்லையென்றால் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில்தான் கிடக்கும்.

வேதியியல் ஆசிரியர்:
பூனைவணங்கி! அந்தப் பெயரை வைத்தவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்! 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதே செடியின் வேரிலிருந்து பூனையை இழுக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஐசோடைஹைட்ரோநெபெடலாக்டோன். மேல்நாட்டில் பூனைக்குக் கொடுக்கும் கேட்னிப் செடியின் சரக்குக்கு இது நெருங்கிய உறவு.

ஆனால் போதை என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஜப்பானில் மதாதாபி என்று ஒரு கொடி உண்டு. அதன் இலை கிடைத்தால் பூனைகள் உங்கள் கறுப்பியைப் போலவே உருளும். இவாதே பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி உருளும்போது பூனையின் இரத்தத்தில் எண்டார்ஃபின் என்ற, உடலே சுரக்கும் சுகப் பொருள் கூடுவதைக் கண்டார்கள். ஆக, சுகம் இருப்பது உண்மை. கூடவே இன்னொன்றையும் கண்டார்கள்: இலையைத் தேய்த்துக்கொண்ட பூனையின் முகத்தில் கொசு குறைவாகவே உட்கார்ந்தது. புதருக்குள் அசையாமல் பதுங்கி இரை பிடிக்கும் சாதிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த சிறுத்தையும் ஜாகுவாரும்கூட அந்த இலையில் இருக்கும் பூனையை இழுக்கும் பொருளில் முகத்தைத் தேய்த்தன. நாய் சட்டை செய்யவில்லை. இலையைக் கடித்துக் கசக்கினால் அந்தப் பொருள் பத்து மடங்குக்கு மேல் வெளியேறுகிறது என்று அடுத்த ஆண்டு சொன்னார்கள். கறுப்பி வேரைக் கடித்தாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

உருளட்டும், விடுங்கள். நிறையத் தின்ன மட்டும் விடாதீர்கள். வாந்தி வரவைக்கும் செடி அது.

வாழைத்தோப்பு:
மிக்க நன்றி ஐயா. இன்று இன்னொரு வேரைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன். கறுப்பி மறுபடியும் உருண்டாள். அவளுடைய இரண்டு மாதக் குட்டியோ ஒருமுறை முகர்ந்துவிட்டு என் செருப்பு வாரைக் கடிக்கப் போய்விட்டது. அதற்கு ஏதும் குறையா?

வேதியியல் ஆசிரியர்:
குறை ஒன்றும் இல்லை. கேட்னிப்பிலும் குட்டிகள் அப்படித்தான், சில மாதம் போக வேண்டும். வளர்ந்த பூனைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அதைக் கண்டுகொள்ளாது. அது பிறப்பிலேயே வருவது. தை மாதம் குட்டிக்கு மறுபடியும் வேரைக் காட்டிப் பார்த்து, இங்கே வந்து எழுதுங்கள்.