பந்து தரைக்கு வரும்போது மிதக்கிறது, வெயிட்டே இல்லை. எங்கே தப்பு?

கடலூர்_மாணவி:
வணக்கம். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பாண்டிக்குப் போய் அனிமேஷன் படிக்கிறேன், முதல் வருஷம். முதல் பயிற்சியாகப் பந்து துள்ளுவதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில், நொடிக்கு 24 ஃப்ரேம். மேலே ஒரு கீ (இந்த ஃப்ரேமில் பந்து இங்கே என்று குறிப்பது), தரையில் ஒரு கீ, திரும்ப மேலே ஒரு கீ என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். பிளே பண்ணினால் பந்து தரைக்குக் கிட்டே வந்ததும் லிஃப்ட் நிற்கிற மாதிரி மெதுவாகி, தொட்டுவிட்டு, மறுபடி மெதுவாகவே கிளம்புகிறது. சார் பார்த்துவிட்டு "வெயிட் இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போய்விட்டார். ஸ்குவாஷ், அதாவது தரையில் படும்போது பந்தை நசுக்கிக் காட்டுவது, போட்டால் சரியாகும் என்றாள் தோழி. போட்டதும் கொழகொழவென்று இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

அரியாங்குப்பம்_ரெண்டர்:
முதலில் அந்த ஸ்குவாஷை எடுத்துவிடும்மா. வேகம் சரியில்லாத பந்தை எவ்வளவு நசுக்கினாலும் வெயிட் வராது.

பிளெண்டரில் கீ போட்டால் அதுவே பெசியர் வளைவாக, அதாவது மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கிற மாதிரி போடும், உச்சியிலும் அடியிலும் ஹேண்டிலை, அதாவது வளைவை வளைக்கிற பிடியை, படுக்கவைத்துவிடும். உச்சியில் அது சரிதான், மேலே போன பந்து வேகம் குறைந்துதானே திரும்புகிறது. தரையில் அப்படி இல்லை, அங்கேதான் பந்துக்கு வேகமே அதிகம். நகர்வை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, உயரத்துக்கான இசட் வளைவில் தரையைத் தொடும் கீக்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கீபோர்டில் வி அழுத்தி ஹேண்டிலை வெக்டர் (நேர்கோடு) என்று மாற்று. அடியில் கூரான முனை வரும். பாதி வேலை அதோடு முடிந்தது.

மீதிப் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெக்டர் ஆக்கியதும் தரைக் கீயின் ஹேண்டில் முனை துள்ளல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிற்கும். அதை நேராக மேலே இழுத்து மூன்றில் இரண்டு பங்கில் வை, இரண்டு பக்கமும். உச்சிக் கீயை அப்படியே விட்டால் போதும், உண்மையாக விழுகிற பொருளின் வளைவு அச்சாக வந்துவிடும். பந்து பக்கவாட்டிலும் நகர்கிறது என்றால் பக்கவாட்டுக்கான எக்ஸ் வளைவுக்கு முதலிலும் கடைசியிலும் மட்டும் கீ போட்டு, டி அழுத்தி லீனியர் (ஒரே சீரான வேகம்) ஆக்கு.

வில்லியனூர்_பென்சில்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் முதல் வருஷத்தில் ஹேண்டில் இழுப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது பேப்பரில் போட்டுவிடுங்கள் என்பேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அதை 16 சம பாகமாகப் பிரியுங்கள். மேலிருந்து 1, 4, 9, 16 ஆகிய இடங்களில் பந்து வரையுங்கள், ஒரு பந்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரே அளவு நேரம். இடைவெளி 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகிறது பாருங்கள், காற்றுத் தடையை விட்டுவிட்டால் ஈர்ப்பு விசையில் விழுகிற எதுவும் இந்தக் கணக்கில்தான் விழும். இது கண்ணில் பதிந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேரில் உட்கார்ந்தாலும் வளைவைப் பார்த்ததும் தப்பு எங்கே என்று தெரியும். சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே இருக்கும், இந்த 1, 3, 5, 7 மாறாது.

கடலூர்_மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். கூர் முனை வந்ததுமே பந்து தரையில் அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது, பேப்பரிலும் போட்டுப் பார்த்தேன். இன்னொரு சந்தேகம், ஒரு துள்ளலுக்கு எத்தனை ஃப்ரேம் விடுவது? இப்போது எல்லாத் துள்ளலுக்கும் 12 ஏற, 12 இறங்க என்று ஒரே அளவாக வைத்திருக்கிறேன்.

அரியாங்குப்பம்_ரெண்டர்:
ஒரே அளவு கூடாதும்மா. உயரம் குறைந்தால் நேரமும் குறைய வேண்டும், இல்லையென்றால் கடைசித் துள்ளல்களெல்லாம் திரும்ப மிதக்க ஆரம்பிக்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 நொடி, உன் 24 ஃப்ரேம் கணக்கில் 11 ஃப்ரேம். டென்னிஸ் பந்து கெட்டியான தரையில் விழுந்த உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எழும்பும், 55 சதவீதம் என்று வைத்துக்கொள். அப்படியானால் 11 ஃப்ரேமில் விழும், 8 ஏறி 8 இறங்கும், அப்புறம் 6-6, அதற்கடுத்து 4-4.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டு சிமெண்ட் தரையில் பந்தைப் போட்டு போனில் நொடிக்கு 60 ஃப்ரேமில் படம் எடு. சில்வர் பீச்சுக்குப் போய் எடுக்காதே, மணல் துள்ளலை விழுங்கிவிடும். வீடியோவை விஎல்சி பிளேயரில் போட்டு ஈ கீயை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். அதே ஒரு மீட்டர் அதில் 27 ஃப்ரேம் வரும்.

வில்லியனூர்_பென்சில்:
இதெல்லாம் சரியான பிறகு ஸ்குவாஷைத் திரும்பப் போடலாம். தரையைத் தொடும் ஒரே ஒரு ஃப்ரேமில் மட்டும், அதுவும் கொஞ்சமாக. பந்தின் அளவில் இசட்டை 0.8 ஆக்கினால் எக்ஸ், ஒய் இரண்டையும் 1.12 ஆக்குங்கள், அப்போதுதான் பந்தின் கன அளவு மாறாது. உங்களுக்குக் கொழகொழவென்று தெரிந்ததற்கு அனேகமாக இதுதான் காரணம், உயரத்தைக் குறைத்துவிட்டு அகலத்தை அப்படியே விட்டிருப்பீர்கள், இல்லையென்றால் நிறைய ஃப்ரேமுக்கு நசுங்கியே இருந்திருக்கும். ஆரிஜினை, அதாவது எந்தப் புள்ளியை வைத்துப் பந்து நசுங்குகிறதோ அதை, பந்தின் அடியில் வையுங்கள், நடுவில் இருந்தால் நசுங்கும்போது பந்து தரையை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும்.

கடலூர்_மாணவி:
ஆரிஜின் நடுவில்தான் இருந்தது அண்ணா, இப்போது அடிக்கு மாற்றிவிட்டேன். 11, 8-8, 6-6, 4-4 வைத்து ஸ்குவாஷ் இல்லாமல் ஒன்று, ஸ்குவாஷோடு ஒன்று என ரெண்டையும் ரெண்டர் போட்டு நாளைக்கு லேபில் சாரிடம் காட்டப் போகிறேன்.