அன்னாபொலிஸ் கைதிகளின் படங்களை எடுத்தது முறையா?

நெய்தல்வாசி: அமெரிக்க உள்நாட்டுப் போரில், தெற்குத் தரப்பின் தலைநகரான ரிச்மண்டின் பெல் தீவுச் சிறையிலிருந்து மீண்ட வடக்குப் படைவீரர்களை 1864 மே மாதம் அன்னாபொலிஸ் மருத்துவமனையில் படமெடுத்தார்கள். இடுப்புத் துணி தவிர உடலில் ஒன்றுமில்லை. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஈரமான இரசாயனக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் அன்றைய ஈரத்தகட்டு முறையில் சில நொடிகளாவது அசையாமல் இருந்தாக வேண்டும். சாகக் கிடந்தவர்களை அப்படி உட்காரவைத்ததை ஆவணம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா அவர்கள் இருந்தார்கள்?

ஏட்டுச்சுவடி: உங்கள் வேதனை நியாயமானது, ஐயா. ஆனால் பட்டினி என்று எழுத்தில் மட்டும் சொல்லியிருந்தால், எதிரி மீது சுமத்திய அவதூறு என்று எளிதாகத் தள்ளியிருப்பார்கள். அதனால்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு அந்தப் படங்களைத் தன் அறிக்கையில் சேர்த்தது. ஹார்ப்பர்ஸ் வீக்லியும் ஜூன் 18 இதழில் அவற்றை மரச்செதுக்குப் படங்களாக அச்சிட்டது. தெற்கின் ஆண்டர்சன்வில் சிறையில் ஏறத்தாழ 45,000 பேரில் 13,000 பேர் மாண்ட போர் அது. அதைக் கண்ணால் காட்டாமல் யாரை நம்பவைத்திருக்க முடியும்?

நெய்தல்வாசி: நம்பவைத்த பிறகு நடந்ததையும் பாருங்கள். மீண்டுவந்த இதே கைதிகளின் நிலையைக் காரணம் காட்டி, வடக்கின் முகாம்களில் இருந்த தெற்குக் கைதிகளின் உணவுப் படியை அரசு குறைத்தது. அவ்வாண்டு ஜூலையில் திறந்த எல்மைரா முகாமில், நோயும் குளிரும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 12,000 பேரில் 3,000 பேர் அளவுக்கு இறந்தார்கள். ஒரு பட்டினியின் சான்று இன்னொரு பட்டினிக்குச் சாக்கானது.

கல்வெட்டு: குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போயர் போரில், போயர் குடும்பங்களைப் பிரிட்டிஷார் அடைத்துவைத்த புளூம்ஃபொன்டைன் முகாமில் 1901இல் இறந்த சிறுமி லிஸ்ஸி வான் சைலின் படத்தை ஒரு தரப்பு முகாமின் கொடுமைக்குச் சான்றாக்கியது. மறுதரப்பு அதே படத்தைக் காட்டித் தாயின் அலட்சியம் என்றது. குழந்தைக்காகப் பேச அந்தப் படத்தால் முடியவில்லை. 1929 ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளைப் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்து காக்க வேண்டும் என்று விதித்ததை இதனோடு சேர்த்தே படிக்கிறேன்.

ஏட்டுச்சுவடி: உணவுப் படியைக் குறைத்தது ஆட்சியாளர்களின் குற்றம், அதைப் படத்தின் தலையில் கட்ட நான் ஒப்பமாட்டேன். ஆயினும் ஒன்றில் உடன்படுகிறேன்: குழுவின் அறிக்கையில் வீரர்கள் சிலரின் வாக்குமூலங்களும் இருக்கின்றன, நாம் எலும்பை மட்டும் மறுபதிப்புச் செய்துவந்திருக்கிறோம். இனி இவற்றை வெளியிடுவோர் படத்தோடு அந்த வாக்குமூலங்களையும் அச்சிடட்டும்.

நெய்தல்வாசி: வாக்குமூலத்தை முதல் பக்கத்தில் வையுங்கள். படம் அதற்குப் பிறகு வரட்டும்.