விசர்ட் ஒரே ஃபயர்பாலில் சண்டையை முடித்துவிடுகிறார், மற்றவர்களுக்கு வேலையே இல்லை. என்ன செய்யலாம்?

பகடை_இருபது:
வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் கதை ஆட்டத்தை 2014இல் வந்த 5ஆம் பதிப்பு விதிகளில் ஆடுகிறோம். நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தும் ஆள். பார்ட்டியில் ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (மறைந்து தாக்குபவர்), கிளெரிக் (பூசாரி), விசர்ட் (மந்திரவாதி) என்று நான்கு பேர். எல்லோரும் 5ஆம் லெவலுக்கு வந்ததிலிருந்து ஒரே கதைதான். சண்டை தொடங்கியதும் விசர்ட் ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டு மந்திரத்தைப் போடுகிறார், பாதிப் பேர் காலி. அடுத்த சுற்றில் இன்னொன்று. அப்புறம் செலவான மந்திரமெல்லாம் திரும்பும் நீண்ட ஓய்வான லாங் ரெஸ்ட் எடுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். தன் முறை வரும்போது அடிக்க ஆளே இருப்பதில்லை என்று ஃபைட்டர் ஆடுபவர் வருத்தப்படுகிறார்.

இன்னொரு தொல்லை, விசர்டின் முறை வந்தால்தான் புத்தகத்தைப் புரட்டவே ஆரம்பிக்கிறார். ஆட்டம் அப்படியே நின்றுவிடுகிறது. நல்ல ஆட்டக்காரர், வேண்டுமென்று செய்வதில்லை. ஃபயர்பாலின் சேதத்தைக் குறைத்துவிடலாமா?

சாம்பல்_கோட்டை:
சேதத்தில் கை வைக்க வேண்டாம். எதிரிகளுக்கு நெருப்பு ரெசிஸ்டன்ஸ் கொடுத்துவிடுங்கள். எல்லாம் பாதியாகிவிடும்.

ஏட்டுச்சுவடி:
அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே. எப்போதாவது ஓர் எதிரி நெருப்பைத் தாங்கினால் சுவாரசியம். வருகிறவனெல்லாம் தாங்கினால், தன்னைக் குறிவைக்கிறார்கள் என்று அந்த ஆட்டக்காரருக்குப் புரிந்துவிடும். நான் விசர்ட் ஆடுகிறவன், அது எவ்வளவு கசப்பு என்று தெரியும். ஃபயர்பால் போன்ற 3ஆம் லெவல் ஸ்பெல்லுக்காகத்தான் (மந்திரம்; அதற்குத் தனி லெவல் கணக்கு) 5ஆம் லெவல் வரை பொறுமையாக வந்திருப்பார்.

ஒன்று கேட்கிறேன். கதைக்குள் ஒரு நாளில் எத்தனை சண்டை வருகிறது?

பகடை_இருபது:
பெரும்பாலும் ஒன்று. சில நாள் இரண்டு.

ஏட்டுச்சுவடி:
கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒரு மந்திரம் போட ஒரு ஸ்லாட் செலவாகும்; 5ஆம் லெவல் விசர்டுக்கு 1ஆம் லெவல் ஸ்லாட் 4, 2ஆம் லெவல் 3, 3ஆம் லெவல் 2. ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வு எடுத்து, ஆர்கேன் ரெகவரி என்ற விசர்டின் திறனைப் பயன்படுத்தினால் இன்னொரு 3ஆம் லெவல் ஸ்லாட் திரும்பும், அதுவும் நாளுக்கு ஒருமுறைதான். ஆக நாள் முழுக்கச் சேர்த்தே ஃபயர்பால் மூன்று. ஒரே சண்டை என்றால் கையில் உள்ளதையெல்லாம் அதிலேயே கொட்டத்தானே தோன்றும்? எதிரே ஆறு சண்டை என்று தெரிந்தால், ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் யோசிப்பார். அந்தப் பதிப்பின் டிஎம் வழிகாட்டி நூலே ஒரு நாளைக்கு நடுத்தரமோ கடினமோ ஆன 6 முதல் 8 மோதல், இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்றுதான் கணக்குப் போடுகிறது.

விதியையும் ஒருமுறை பாருங்கள். 24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்டுக்குத்தான் பலன் உண்டு. காலையில் எழுந்து பத்து மணிக்கு ஒரு சண்டை போட்டுவிட்டு மறுபடி படுத்தால் ஒரு ஸ்லாட்கூடத் திரும்பாது. ஷார்ட் ரெஸ்டைத் தாராளமாகக் கொடுங்கள். ஃபைட்டருக்கு, ஒரு முறையில் கூடுதலாகச் செயல்பட வைக்கும் ஆக்‌ஷன் சர்ஜ் அதிலேயே திரும்பிவிடும், ரோகின் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக்குக்கு ரெஸ்டே தேவையில்லை. நாள் நீள நீள அந்த இருவரின் அருமை தெரியும்.

தூண்மறைவு:
மேலே சொன்னதுதான் அடிப்படை. அதோடு எதிரிகள் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி, 5 அடிக் கட்டங்களில் குறுக்காக எட்டுக் கட்டம். வாசலில் கும்பலாக, காப்ளின் என்ற ஆறு குட்டி அரக்கர்களை நிறுத்தினால், அவற்றுக்கு ஆளுக்கு 7 ஹிட் பாயிண்ட் (தாங்கும் சேதம்) மட்டும்தான், 8டி6 (எட்டு ஆறுபக்கப் பகடை) சராசரியாக 28 என்பதால் சேவ் பண்ணினாலும் (தப்பிக்க உருட்டி வென்று சேதம் பாதியானாலும்) பிழைப்பது அரிது. அதையே இப்படி வையுங்கள்: இரண்டு மாடத்தில் வில்லோடு, இரண்டு பின்கதவு வழியாக இரண்டாம் சுற்றில், மீதி இரண்டு ஃபைட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டு. இப்போது குண்டு போட்டால் நண்பனும் வேகுவான். முழுக்கூட்டமும் சிக்குகிற சண்டையையும் நடுநடுவே கொடுங்கள், அது அவருக்கான பரிசு.

வேகத்துக்கு அட்டை போடச் சொல்லுங்கள். 5ஆம் லெவலில் இன்டெலிஜென்ஸ் 18 என்றால் தயார் செய்யக்கூடியது 9 ஸ்பெல்தான், ஸ்லாட் தேவையில்லாத கேன்ட்ரிப் தனி. ஒன்றுக்கு ஓர் அட்டை. தூரம், பரப்பு, எந்த சேவ், எத்தனை பகடை, கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்கக் கவனம் சிதறாதிருத்தல்) உண்டா இல்லையா, அவ்வளவு போதும். முந்தைய ஆள் ஆடும்போதே அட்டையைக் கையில் எடுத்துவிட வேண்டும். கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் நடக்கும்போது அந்த அட்டையை மேஜை நடுவில் வையுங்கள். அடிபட்டால் கான்ஸ்டிடியூஷன் சேவ் உருட்ட வேண்டும் என்பது யாருக்கும் மறக்காது. எட்ட வேண்டிய எண்ணான டிசி 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரிதோ அது.

பகடை_இருபது:
இருவருக்கும் நன்றி. பொழுது சாய்வதற்குள் ஒரு கைதியை மீட்க வேண்டும் என்று வைத்து ஆடிப் பார்த்தோம். நான்கு சண்டை. முதல் மூன்றில் விசர்ட் ஃபயர்பாலைத் தொடவே இல்லை. பாலத்தில் வெப் என்ற வலை மந்திரத்தைப் போட்டு மூன்று பேரைச் சிக்கவைத்தார், ஃபைட்டர் போய் வெட்டினார். கடைசியில் அந்தக் குண்டு விழுந்தபோது எல்லோருமே கைதட்டினார்கள். அட்டையும் நன்றாக வேலை செய்கிறது.

ஒரே சந்தேகம் மிச்சம். அடுத்து லியோமண்ட்ஸ் டைனி ஹட் என்ற, பாதுகாப்பான கூடாரம் எழுப்பும் மந்திரத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறாராம். ரிச்சுவலாக, அதாவது கூடுதல் நேரம் எடுத்துச் சடங்காகப் போட்டால் ஸ்லாட்டும் செலவில்லை, 8 மணி நேரம் யாரும் உள்ளே வர முடியாது. பழைய கதை திரும்பிவிடாதா?

தூண்மறைவு:
கற்றுக்கொள்ளட்டும், தடுக்காதீர்கள். ரிச்சுவலாகப் போட 11 நிமிடம் ஆகும், துரத்தலுக்கு நடுவில் அது நடக்காது. விசர்ட் வெளியே காலெடுத்து வைத்தாலே ஸ்பெல் முடிந்துவிடும். எதிரிகளுக்கும் அந்த 8 மணி நேரம் கிடைக்கிறது: கைதியை வேறிடத்துக்கு மாற்றலாம், ஆள் திரட்டலாம், கூடாரத்தைச் சுற்றி வில்லோடு காத்திருக்கலாம். 24 மணி நேர விதி அதற்குள்ளும் பொருந்தும்.