புதுப்பிப்பு: சர்வர் மென்பொருள் பதிப்புகளை ஸ்கிரிப்டில் எடுப்பது

சர்வர்களில் நிறுவிய பதிப்புகளை ஸ்கிரிப்டில் எடுக்கும்போது என்ஜின்எக்ஸ் (nginx என்ற வெப் சர்வர் மென்பொருள்) மட்டும் காலியாக வருகிறது என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. அது பதிப்பை வழக்கமான வெளியீட்டில் எழுதாமல் பிழை வெளியீட்டில் (stderr) எழுதுகிறது. தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் (ssh) அப்படித்தான். கட்டளையின் கடைசியில் 2>&1 (பிழை வெளியீட்டை வழக்கமான வெளியீட்டோடு சேர்ப்பது) சேர்த்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், பதிப்பு எண்களை வரிசைப்படுத்தும்போது, சாதாரண வரிசையில் 1.10 போய் 1.9-க்கு முன்னால் நிற்கும். வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளையில் பெரிய ‘வி’ (-V) போடுங்கள்.

டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) வைத்திருப்பவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்பிலேயே சேர்த்துத் தருவார்கள், எண் பழையதாகவே தெரியும். டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி (dpkg) காட்டும் முழுப் பேக்கேஜ் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். நானும் இப்போது அதையே பதிகிறேன்.

ஒன்று பாக்கி. அப்டேட் ஆகியும் ரீஸ்டார்ட் ஆகாத சர்வீஸ், நினைவகத்தில் பழைய பதிப்பையே ஓட்டும். அதைப் பிடிக்கும் வரிகளை அடுத்து எழுதுகிறேன்.